மீட்பு என்ற சொல்

சென்ற வருஷம் நண்பர் ஒருவரின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதியிருந்தேன். மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலைக்கு இரண்டு வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து அவர் வரைந்த பன்னிரண்டு நிலக்காட்சிகள். கூரை போன ஷெட், சுவரைப் பிளந்துகொண்டு இறங்கும் அரச வேர், பஞ்சுக் கிடங்கின் வாசலை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலம், மழைத் தண்ணீர் தேங்கிய சிமென்ட் தரையில் கொஞ்சம் வானம். நல்ல ஓவியங்கள்தாம். இன்றும் அப்படியே நினைக்கிறேன். சங்கடம் என் கட்டுரையில் இருந்த ஒரு வாக்கியத்தில்: “மனிதன் கைவிட்ட இடத்தை இயற்கை சத்தமில்லாமல் மீட்டுக்கொண்டிருக்கிறது, நண்பரின் தூரிகை அந்த மீட்புக்குச் சாட்சி.” எழுதிய சமயத்தில் இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ரொம்பப் பிரியம் இருந்தது. கடிதம் எழுதிய இரண்டு நண்பர்களும் இதைத்தான் எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

என் அப்பா இம்மாதிரிப் பத்திரிகைகள் படிக்கிறவர் அல்ல. அட்டையில் அந்த ஓவியங்களில் ஒன்று கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்ததால் கையில் எடுத்திருக்கிறார். இதே மாதிரி இன்னொரு ஆலையில், ஸ்பின்னிங்கில், 24 வருஷம் ரிங் ஃப்ரேம் ஓட்டியவர் அவர். படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த மரத்துக்குப் பின்னாடிதான் டைம் ஆபீஸ் இருந்திருக்கும்” என்றார். எல்லா ஆலைகளும் ஏறக்குறைய ஒரே பிளான் என்பது அவர் எண்ணம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுரையை முதலிலிருந்து படித்தார். புரியாத இடங்களில் தயங்காமல் தாண்டிப் போனார். அந்த வாக்கியத்தில் நின்றார்.

“மரம் வந்தா பூட்டுப் போட்டுச்சு?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

அப்பாவின் ஆலை மூடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முதல் ஷிப்டுக்குப் போனவர் எட்டு மணிக்குள் திரும்பி வந்தார். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். திறக்காத டிபன் பாக்ஸை அம்மா வாங்கி என் பைக்குள் வைத்தாள். அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் நான் சாப்பிட்டது அந்தச் சோறு. சேர வேண்டிய பணம் வந்து சேர ஒன்பது வருஷம் ஆயிற்று. இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன். தெரியாதவன் எழுதியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். தெரிந்தவன் எழுதியதற்கு வேறு பெயர் வேண்டும். அந்த வாக்கியம் எந்த வழியாக என் கைக்கு வந்தது என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் கவுன்டர் என்னுடையது. மீட்பு என்ற சொல்லைத் தினமும் பத்துத் தடவையாவது எழுதுகிறேன். அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. வைத்தவர் வர வேண்டும். சீட்டு வேண்டும். அசலும் வட்டியும் கட்ட வேண்டும். பையைப் பிரித்து எடை போட்டு, தான் வைத்த நகைதானா என்று பார்த்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர்களின் நகை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் நகையை மீட்டார் என்று எங்கள் கிளையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆலைகளின் கதையையும் வங்கியில் இருப்பவனால் இப்படித்தான் பார்க்க முடியும். கடன் வாராக் கடனாகிறது. இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. நிலத்தின் மதிப்பு ஏறும்வரை அல்லது வழக்கு முடியும்வரை இடம் சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடக்கிற காலத்தில் மரம் முளைக்கிறது. நான் மீட்பு என்று எழுதியது ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் நடுவில் இருந்த இடைவெளியை. பஞ்சுக் கிடங்கின் வாசலில் நின்ற சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டது. அது மீட்டுக்கொண்ட நிலம் என்றைக்கும் அதனுடையதாக இருந்ததில்லை.

அந்த வாக்கியத்தின் பூர்வீகம் எனக்குப் பழக்கமான இடம்தான். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தபோது வேர்ட்ஸ்வொர்த்தின் டின்டர்ன் மடாலயக் கவிதை பாடமாக இருந்தது. 1798 ஜூலையில் எழுதப்பட்டது. தலைப்பில் மடாலயம் இருக்கிறது, கவிதைக்குள் இல்லை என்பதை எங்கள் ஆசிரியர் ஒரு வேடிக்கைபோலச் சொல்லிவிட்டுப் போனார். இடிபாட்டின் கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. டின்டர்ன் தானாக இடிந்து விழவில்லை. 1536-ல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடாலயம் மூடப்பட்டது. கூரையில் இருந்த ஈயத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கூரை போன கட்டடத்தில் ஐவிக் கொடி ஏறியது. அதே நூற்றாண்டிலேயே, அதே பள்ளத்தாக்கின் ஓடைகளின் பலத்தில் கம்பி இழுக்கும் ஆலைகளும் வந்துவிட்டன. 1770-ல் வை நதி வழியாக வந்த வில்லியம் கில்பின், ‘பிக்சரெஸ்க்’ என்ற ரசனைக்கு இலக்கணம் எழுதிய பாதிரியார், மடாலயத்தின் முகப்புகள் ரொம்ப ஒழுங்காக இருந்து கண்ணை உறுத்துகின்றன, யாராவது ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பிரயோகித்தால் நன்றாயிருக்கும் என்கிற மாதிரி எழுதினார். அந்தப் புத்தகம் 1782-ல் வெளிவந்தது. இடிபாடுகளுக்குள் குடிசை போட்டுப் பிச்சையெடுத்து வாழ்ந்தவர்களையும், அரை மைல் தூரத்தில் இருந்த இரும்பாலைகளின் சந்தடியையும் அவர் குறிப்பிடாமல் விடவில்லை. அந்த நேர்மைக்கு மரியாதை செய்ய வேண்டும். ஆனால் காட்சி என்ற கணக்கில் அவை அவருக்கு இடைஞ்சல்கள்.

அடுத்த தலைமுறை அந்த இடைஞ்சலையும் விட்டுவிட்டது. 1790களில் டர்னர் வரைந்த டின்டர்ன் நீர்வண்ணங்களில் வளைவுகளும் கொடிகளும்தாம் பிரதானம். வேர்ட்ஸ்வொர்த் மடாலயத்தையே விட்டுவிட்டார். 1986-ல் மார்ஜரி லெவின்சன் என்ற விமர்சகர் இந்த விடுபடல்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இந்தக் கவிதை எதையெல்லாம் பாராமல் இருந்ததால் சாத்தியமாயிற்று என்று கேட்டார். கவிதைக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் அவரோடு முழுக்க ஒத்துப்போகிறவன் இல்லை. ஒரு கவிதை எதைச் செய்யவில்லை என்பதை வைத்து மட்டும் அதை அளக்க முடியாது. ஆனாலும் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. அது அப்பா கேட்ட கேள்விதான் என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. கம்பி ஆலைகளும் இப்போது டின்டர்னில் இல்லை. அங்கிடி ஓடைக்கரையில் ஒரு பழைய உலையின் எச்சங்கள் மரங்களுக்கு நடுவே கிடக்கின்றன. ரசிக்க வருகிறவர்களுக்கு அதுவும் ஒரு காட்சியாகிவிட்டது.

இந்த ரசனையிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது ஸெஸான். குறிப்பாக, அவர் பிபேமுஸ் கல்குவாரியில் வரைந்த ஓவியங்கள். மூல ஓவியம் எதையும் நான் பார்த்ததில்லை. நம்மில் பெரும்பாலோரைப் போல அச்சுப் பிரதிகளின் வழியாக ஐரோப்பிய ஓவியத்தைப் பழகிக்கொண்டவன். என்னிடம் இருக்கும் மூன்று புத்தகங்களில் பிபேமுஸின் பாறை மூன்று நிறம். ஒன்றில் செங்கல், ஒன்றில் பழுத்த பூசணி, ஒன்றில் ஏறக்குறைய மண். எனவே நிறத்தைப் பற்றி நான் சொல்வதை அதற்குரிய சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அமைப்பைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவு சந்தேகம் தேவையில்லை.

பிபேமுஸ், பிரான்ஸின் தெற்கே எக்ஸ் நகரத்துக்குக் கிழக்கில் உள்ள ஒரு மேட்டு நிலம். காவி கலந்த மஞ்சள் கல். ரோமானியர் காலத்திலிருந்து அங்கே கல் வெட்டியிருக்கிறார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் எக்ஸ் நகரத்தின் மாளிகைகள் எழும்பியபோது அவற்றுக்கான கல் இங்கிருந்துதான் போயிற்று. ஸெஸான் வரைய வந்த காலத்தில் குவாரி பெரும்பாலும் கைவிடப்பட்டு, வெட்டுக் குழிகளுக்குள் பைன் மரங்களும் புதர்களும் வளர்ந்திருந்தன. 1895 நவம்பரிலிருந்து 1904 வரை அங்கே ஒரு சிறிய குடிலை வாடகைக்கு வைத்திருந்தார், வரைபொருள்களைப் போட்டுவைக்கவும் தங்கவும். குவாரியில் அவர் வரைந்தவை 11 எண்ணெய் ஓவியங்கள், 16 நீர்வண்ணங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பையனாக இருந்தபோது எமிலி ஸோலாவோடு சுற்றித் திரிந்த இடங்கள் இவை. பக்கத்திலேயே ஸோலாவின் தந்தையான எஞ்சினியர் திட்டமிட்ட அணையும் இருக்கிறது.

எனவே இது யார் கையும் படாத காடு அல்ல. ஸெஸானுடைய நிலக்காட்சிகளில் அப்படிப்பட்ட இடம் குறைவு. ஸேன்த் விக்த்வார் மலையை வரையும்போதுகூட ஆர்க் பள்ளத்தாக்கின் ரயில் பாலத்தை அவர் விட்டுவிடுவதில்லை. மலைக்குக் கீழே அந்த வளைவுகள் ஒரு நேர்கோடாக ஓடும். கில்பின் பார்த்திருந்தால் சுத்தியலைத் தேடியிருப்பார்.

பிபேமுஸ் ஓவியங்களில் முதலில் கண்ணில் படுவது தளங்கள். எஸ்ஸன் நகரத்து ஃபோல்க்வாங் மியூசியத்தில் இருக்கும் ஓவியத்தில், ஏறத்தாழ 1895-ஐச் சேர்ந்தது, வானம் மேலே ஒரு பட்டை மட்டும். மற்றதெல்லாம் பாறைச் சுவர்கள். அவை மழையும் காற்றும் அரித்த பாறைகள் அல்ல என்பது பார்த்த உடனே தெரிகிறது. நேராக இறங்கும் முகம், படிபோல் விட்ட விளிம்பு, பெட்டியை எடுத்த இடம்போல் ஒரு குழிவு. மனிதன் ஒரு கல்லை அளந்து, அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டுப்போன வடிவம். செடிகள் இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. ஆனால் அவை வெட்டை மூடுவதில்லை. வெட்டு விட்டுக்கொடுத்த இடுக்குகளில் உட்கார்ந்திருக்கின்றன. எங்கே வளர வேண்டும் என்பதைக் கல் வெட்டியவன் தீர்மானித்திருக்கிறான்.

பாரிஸில் ஒராஞ்சரி மியூசியத்தில் இருக்கும் ‘சிவப்புப் பாறை’ இன்னும் வெளிப்படை. வலது ஓரத்திலிருந்து ஒரு பெரிய ஆரஞ்சுப் பாளம் சட்டகத்துக்குள் நீட்டிக்கொண்டு வருகிறது. அதன் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் இலைகள். பக்கம்பக்கமாக வைத்த சின்னச்சின்னத் தூரிகைப் பட்டைகள். முதன்முறை பார்த்தபோது அச்சில் ஏதோ கோளாறு, இரண்டு படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று நினைத்தேன். அந்தப் பாளத்தை மரங்களோடு சமாதானப்படுத்திவைக்க ஸெஸான் எந்த முயற்சியும் செய்யவில்லை. ஒரு கொடியைத் தொங்கவிட்டிருந்தால் போதும், படம் இணக்கமாகியிருக்கும். அவர் தொங்கவிடவில்லை.

பால்டிமோர் மியூசியத்தில் உள்ள, பிபேமுஸ் குவாரியிலிருந்து பார்த்த ஸேன்த் விக்த்வார் ஓவியத்தையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1897. முன்னால் மரங்கள், நடுவில் வெட்டிய பாறைச் சுவர், அதன் தலைமேலேயே மலை. நிஜத்தில் மலை அங்கிருந்து எட்டத்தில் இருக்கிறது. இடையில் இருக்க வேண்டிய தூரத்தை, தூரத்துக்கு அடையாளமான காற்றின் மங்கலை, அவர் எடுத்துவிட்டார். மலை குவாரியின் மேல் அடுக்கிய இன்னொரு கல்லாகிவிடுகிறது. வெட்டப்பட்ட கல்லுக்கும் வெட்டப்படாத கல்லுக்கும் அவருடைய தூரிகையில் ஒரே மரியாதை. தொழில் முடிந்தது, இயற்கை தொடங்கியது என்று கோடு கிழிப்பதற்கு அந்த ஓவியத்தில் இடமே இல்லை.

இதற்கு ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். பிபேமுஸ் ஓவியங்களில் ஒரு கல்வெட்டித் தொழிலாளிகூட இல்லை. கில்பினாவது பிச்சைக்காரர்களைக் குறிப்பிட்டார். ஸெஸான் அதுகூடச் செய்யவில்லையே? தவிர, இப்படி உட்கார்ந்து பார்க்கிற சௌகரியம் எங்கிருந்து வந்தது? ஸெஸானின் அப்பா தொப்பி வியாபாரத்தில் தொடங்கி 1848-ல் எக்ஸில் ஒரு வங்கியை நிறுவியவர். 1861-ல் பாரிஸிலிருந்து மனம் ஒடிந்து திரும்பிய மகனைக் கொஞ்ச காலம் அந்த வங்கியிலேயே உட்காரவைத்தார். பேரேட்டில் படம் போட்டுக்கொண்டிருந்த அந்தக் குமாஸ்தாவை நினைக்கும்போது எனக்குத் தொழில்முறையில் ஒரு ஒட்டுதல் வருகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் 1886-ல் அப்பா இறந்த பிறகு சொத்து அவருக்கு வந்தது. எனக்கு அப்படி எதுவும் வரப்போவதில்லை. ஆளில்லாத குவாரியில் ஒன்பது வருஷம் குடில் வைத்துக்கொள்வது வசதி உள்ளவனால் முடிகிற காரியம்.

இரண்டு மறுப்புகளும் நியாயமானவை. ஆனாலும் டர்னரின் கொடிகளுக்கும் ஸெஸானின் பாளத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தொழிலாளியைப் படத்தில் போடுவது ஒரு வழி. அது பல சமயம் அனுதாபத்தில் முடிந்துவிடும். அவன் செய்த வேலையை, அதன் அளவு கெடாமல், படத்தின் எலும்பாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. பிபேமுஸில் வடிவம் என்று நாம் பார்ப்பதெல்லாம் யாரோ கூலிக்கு வெட்டியது. எக்ஸில் எந்த மாளிகைச் சுவர் நிற்கிறதோ அதே அளவு காலியிடம் இங்கே குழியாக நிற்கிறது. அந்தக் குழியை அழகான விபத்தாக ஸெஸான் பாவிக்கவில்லை. கல்லை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தவர்களைப்போலவே பட்டை பட்டையாக வைத்து அதைத் திரும்பக் கட்டுகிறார். அவர் மனத்தில் கல்வெட்டிகள் இருந்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த ஓவியத்தின் முன் நின்றுகொண்டு “இயற்கை மீட்டுக்கொண்டது” என்று சொல்ல முடியாது. ஒருவர் சொல்லிப் பார்க்கலாம். வாக்கியம் படத்தில் ஒட்டாது.

ஃபோல்க்வாங் ஓவியத்தின் பிற்கால வரலாறு இந்தச் சொல்லுக்கே ஒரு விளக்கவுரைபோல் இருப்பதால் அதையும் சொல்கிறேன். கார்ல் எர்ன்ஸ்ட் ஓஸ்ட்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், இவரும் வங்கிக்காரரின் மகன், 1902-ல் ஹாகன் என்ற தொழில் நகரத்தில் ஃபோல்க்வாங் மியூசியத்தைத் தொடங்கினார். ஸெஸான் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1906 ஏப்ரலில், எக்ஸுக்கே போய் அவரைச் சந்தித்தார். குவாரி ஓவியம் அவருடைய மியூசியத்துக்கு வந்தது. 1921-ல் ஓஸ்ட்ஹவுஸ் இறந்துபோக, மறுவருஷம் எஸ்ஸன் நகரம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ரூர் பிரதேசத்து நிலக்கரிக் கம்பெனிகளின் பணமும் அதில் இருந்தது. ஒரு செத்த குவாரியின் படத்தை உயிரோடு இருந்த சுரங்கங்கள் வாங்கின. 1937-ல் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று சொல்லி அந்த மியூசியத்திலிருந்து 1,400-க்கு மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். குவாரி ஓவியமும் போயிற்று, வெளிநாட்டுக்கு விற்கப்பட்டது. 1964-ல் மியூசியம் அதை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. என் கவுன்டர் பாஷையில் மீட்பு என்றால் இதுதான். இழந்தவர் வந்தார், பணம் கட்டினார், தன் பொருள்தான் என்று பார்த்து எடுத்துக்கொண்டார்.

ஓவியம் திரும்பி வந்த ஊரில் பிறகு சுரங்கங்களே போய்விட்டன. எஸ்ஸனின் ஸோல்ஃபெரைன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் கோக் ஆலை 1993-ல். 2001-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம், பக்கத்தில் பாட்ரோப்பில் இருந்தது, 2018 டிசம்பரில் மூடியது. சற்றுத் தள்ளி டூய்ஸ்பர்க்கில், 1985-ல் நின்றுபோன இரும்பாலையை இடிக்காமல், ஊது உலைகளை அப்படியே வைத்துக்கொண்டு பீட்டர் லாட்ஸ் என்பவர் ஒரு பூங்காவாக அமைத்தார். பழைய தாதுக் கிடங்குகள் சுவர் சூழ்ந்த தோட்டங்களாயின. விஷம் ஏறிய மண்ணின் ஒரு பகுதியைக் கிடங்குகளுக்குள்ளேயே போட்டு மூடினார்கள். இன்று இந்த இடங்களையும் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் தேடிப் போகிறார்கள். அங்கே நான் எழுதிய மாதிரி வாக்கியம் ஜெர்மன் மொழியில் எத்தனை தடவை எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் அந்தக் காடுகளில் வளர்வது சுரங்கம் வருவதற்கு முன் அங்கே இருந்த காடு அல்ல. கசடும் கரித்தூளும் கலந்த மண்ணில் முதலில் வருவது பிர்ச் மரம். ரயில் தண்டவாளத்தின் ஜல்லியில் சீனாவிலிருந்து வந்த புட்லேயா புதர். தென்னாப்பிரிக்காவின் மஞ்சள் பூச்செடி ஒன்றும் ரயில் பாதை வழியாகப் பரவி வந்திருக்கிறது. கப்பலிலும் சரக்கு ரயிலிலும் வந்த தாவரங்கள். தொழிற்சாலை எந்த வழியாகத் தன் சரக்கைக் கொண்டுவந்ததோ அந்த வழியாகவே அவையும் வந்தன. தொழிற்சாலை தயாரித்த மண்ணில்தான் அவை நிற்கின்றன. அந்தக் காடும், கசடைப்போல, ஆலையின் கடைசி உற்பத்தி. ஸோல்ஃபெரைனின் மரங்களுக்கு நடுவே உல்ரிஷ் ரூக்ரீம் என்ற சிற்பி பெரிய கருங்கற்களை நிறுத்தியிருக்கிறார். கல்தச்சனாகப் பயிற்சி பெற்றவர். கல்லைப் பிளப்பதற்காகப் போட்ட துளைகளின் தடத்தை அவர் தேய்த்து மறைப்பதில்லை. ஸெஸான் பிபேமுஸில் பார்த்ததை இவர் கல்லிலேயே செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, நண்பரின் ஓவியங்களுக்கு நான் செய்த அநியாயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு ஓவியங்களில் ஒன்றை மட்டும் அரை வாக்கியத்தில் ஒதுக்கியிருந்தேன். “கோலம்போல அலங்காரமாகிவிட்ட பதினொன்றாவது தவிர” என்று. மேலிருந்து பார்த்த வெறும் தரை அது. சிமென்ட் தரையில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்னச் செடி. மற்றப் படங்களில் இருந்த ஆழமும் ஒளியும் இதில் இல்லை, ஓவியர் களைத்துப்போய்விட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஸெஸான் புத்தகத்தைக் காட்டினேன். ‘சிவப்புப் பாறை’யைப் பார்த்து, “கல்லு எடுத்த எடமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. பிறகு கண்காட்சியின் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனார். அரச வேருக்கும் தேங்கிய வானத்துக்கும் நிற்கவில்லை. பதினொன்றில் நின்றார். விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

“இது ஃப்ரேம் நின்ன வரிசை” என்றார். “போல்ட் அடிச்ச குழி. குழியில மண்ணு சேந்திருக்கும், அதான் செடி முளைச்சிருக்குது. இந்தா, இந்த சந்து இருக்குது பாரு, இதுலதான் நடக்கோணும். இழை அறுந்தா ஓடிப் போய் ஒட்டோணும். ஒரு ஷிப்டுக்கு எத்தனை மைல் நடந்திருப்பனோ.”

நான் கோலம் என்று எழுதியது ரிங் ஃப்ரேம்களின் வரிசை. இயந்திரங்கள் பழைய இரும்பாகிப் போன பிறகும் செடிகள் அவற்றின் இடத்தில் அதே வரிசையில் நின்றுகொண்டிருக்கின்றன. நண்பர் இதைத் தெரிந்துதான் வரைந்தாரா என்று கேட்டேன். தரையில் அப்படி இருந்தது, இருந்தபடி வரைந்தேன் என்றார். பன்னிரண்டில் சிறந்த ஓவியம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். மற்றவற்றில் ஆலை ஒரு மனநிலையாகிவிட்டது. இதில் ஆலை இருக்கிறது. அதன் ஆட்கள் நடந்த சந்தும் இருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் போனதற்குக் காரணம் ஓவியரின் களைப்பு அல்ல. எங்கள் வீட்டில் நடந்ததை அப்பா இல்லாத ஒரு பாஷையில் பார்க்கக் கற்றுக்கொண்டு, அதைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாஷையில் மரம் உண்டு, ஒளி உண்டு, காலம் உண்டு. கேட்டில் ஒட்டிய நோட்டீஸுக்கு அதில் சொல் இல்லை.

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதன் இடத்தில் வேறு வாக்கியம் எழுதித் தரச் சொன்னால் இப்போதைக்கு என்னிடம் இல்லை. “ஆலை மூடப்பட்டது, பிறகு மரம் முளைத்தது” என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். நன்றாக இல்லைதான்.

பதினொன்றாவது ஓவியம் விற்கவில்லை. நண்பரின் வீட்டில் பரண்மேல் இருக்கிறது. கையேட்டில் அது உள்ளங்கை அகலம்தான். பாதி வரிசைகள் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டன. முழுசாகப் பார்த்தால் எத்தனை ஃப்ரேம் என்று சொல்லிவிடுவேன் என்கிறார் அப்பா. அடுத்த வாரம் அழைத்துக்கொண்டு போகிறேன்.